ஒரு விழுங்கலுக்கு மூன்று சொல்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வாலு எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? நீங்கள் சுத்தமாக இருக்கிறீர்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. எப்போது போன் செய்தாலும் அண்ணிதான் எடுக்கிறார். "உங்க அண்ணன் குளிச்சிட்டிருக்காரும்மா" என்று ஒரே பதில். காலையில் குளியல், மத்தியானம் குளியல், சாயங்காலமும் குளியல். நீங்கள் மனிதரா, மீனா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதம் என்றால் தலையைத் துவட்டிவிட்டு நிதானமாகப் படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மைக்ரோஸ்கோப் வந்துவிட்டது. பழையதைத் துணி சுற்றி மூலையில் வைத்தார்கள். கேட்டுப் பார்த்தேன், "எடுத்துட்டுப் போங்க, இடமாவது மிச்சமாகும்" என்றார் முதலாளி. இத்தனை வருஷமாக அதில் ரத்தத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. சரி, இன்றைக்கு வேறு ஏதாவது பார்ப்போம் என்று பூங்காக் குளத்துத் தண்ணீரை ஒரு ஜாம் பாட்டிலில் மொண்டு வந்தேன். ஒரு சொட்டை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.

அண்ணா, கத்திவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். ஒருத்தி தலையில் இரண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு தீனியை உள்ளே இழுக்கிறாள். இன்னொருத்தன் கண்ணாடி மாதிரி இருக்கிறான், அவன் தின்றதெல்லாம் வயிற்றில் பச்சையாகத் தெரிகிறது. ஒரு சொட்டுக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள், நாம் அந்தக் குளத்தில் கால் கழுவிவிட்டு வந்திருக்கிறோம்.

ஷாம்பு பாட்டில் மூடியை வெட்டிப் போனை மைக்ரோஸ்கோப்போடு பொருத்தியிருக்கிறேன். அதில் எடுத்த முதல் படத்தை அண்ணியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நடுவில் வளைந்து, கருப்பாக, நீளமாக நிற்கிறாரே, அவர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. புது இனமாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சின்ன வயதில் எறும்புச் சண்டைக்குக்கூட வர்ணனை சொல்வீர்களே, இவருக்கும் ஒன்று சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 20

அன்பு வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். இங்கேயும் சுகத்துக்குக் குறைவில்லை. தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, அதனால் பேச்சைக் குறைத்திருக்கிறேன். இந்தப் பருவம் கால்பந்து மைதானத்துக்கும் போகவில்லை. மைக்கைப் பிடிக்க இளசுகள் வரிசையில் நிற்கிறார்கள், கத்தட்டும்.

நீ கேட்ட வர்ணனை இதோ.

நேயர்களே, பூங்காக் குளத்து மைதானத்திலிருந்து பேசுகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர், உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். இதோ வருகிறார் கருப்பு வீரர்! வருகிறாரா? இல்லை, நிற்கிறார். நிற்பதிலேயே என்ன ஒரு கம்பீரம்! இடது பக்கமிருந்து பச்சை உருண்டைகள் மோதுகின்றன, அசரவில்லை. சக்கரத் தலைக்காரி உரசிப் பார்க்கிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேயர்களே, எத்தனையோ ஆட்டக்காரர்களைப் பார்த்த கண் இது, இப்படி ஒரு நிதானத்தைப் பார்த்ததில்லை!

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாரா?

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் தொண்டைக்கட்டு விட்டதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

முதலில் ஒரு துக்கச் செய்தி. அந்தக் கருப்பு வீரர் என் இமைமுடி. லென்ஸில் குனிந்து குனிந்து பார்த்ததில் உதிர்ந்து விழுந்திருக்கிறது. உங்கள் மாப்பிள்ளை தரையில் உருண்டு சிரித்தார். "உங்க அண்ணன் உன் முடிக்கே இவ்வளவு பேசுறாரே, உன்னைப் பத்திப் பேசச் சொன்னா நிறுத்தவே மாட்டார்" என்கிறார். அவர் சிரிக்கிற நிலையில் இல்லை என்பது வேறு விஷயம். குளிர்பெட்டியில் இருந்த பச்சைத் தண்ணீர் பாட்டிலை ஏதோ பழச்சாறு என்று நினைத்து வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அவருடைய கோட்டிலிருந்த கருப்புப் பட்டனையும் பிய்த்துவிட்டேன். அதை விளக்குக்கு மேல் வைத்து நடு வெளிச்சத்தை மறைத்தால் பின்னணி கருப்பாகிவிடுகிறது, உயிர்கள் மட்டும் ஓரத்து வெளிச்சத்தில் மின்னுகின்றன. அதற்குப் பிறகு எடுத்த படங்களைப் பார்த்ததும் அவர் பட்டனைத் திரும்பக் கேட்கவே இல்லை.

இனி நல்ல செய்தி. அந்தப் படங்களை எங்கள் ஊர் அறிவியல் கூடத்து இயக்குநர் அம்மாவிடம் காட்டினேன். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய திரையில், இந்த உயிர்களைப் பற்றி நான் எடுக்கும் குறும்படத்தைப் போடுகிறார்களாம்! ஒரே ஒரு நிபந்தனை. "சும்மா ஓடினா பசங்க உட்கார மாட்டாங்க, குரல் வேணும். நம்ம அறிவிப்பாளரையே வச்சு வாசிக்கச் சொல்றேன்" என்றார். வேண்டாம், என் அண்ணன் இருக்கிறார், அவர் பேசினால் மைதானமே எழுந்து நிற்கும் என்று சொல்லிவிட்டேன்.

என் படம், உங்கள் குரல். இது இல்லாமல் எனக்குப் படமே வேண்டாம். சீக்கிரம் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள்.

உங்கள்
வாலு


ஏப்ரல் 9

அன்பு வாலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. நாங்கள் நலமாகவே இருக்கிறோம், கவலை வேண்டாம்.

பெரிய திரை! படித்ததும் உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. நீ அனுப்பிய எல்லாப் படங்களுக்கும் வர்ணனை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், பத்துப் பக்கத்துக்கு மேல் போய்விட்டது. அறிவிப்பாளரிடம் கொடுத்துவிடு. நல்ல பயிற்சி உள்ளவராக இருந்தால் மூச்சுப் பிடித்துச் சொல்லிவிடுவார். இங்கே பதிவு செய்ய வசதி இல்லை. பக்கத்தில் ஏதோ கட்டட வேலை, ஒரே இரைச்சல். தவிர, பிள்ளைகளுக்குச் சின்னக் குரலாக இருந்தால்தான் பிடிக்கும்.

மாப்பிள்ளைக்குப் புதுப் பட்டன் வாங்கிக் கொடு.

உன் அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை.

கட்டட வேலையாம், இரைச்சலாம். கால்பந்து இறுதி ஆட்டத்தில் இடியும் மழையுமாகக் கொட்டியபோது குடையைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசியவர் நீங்கள். உங்கள் இரண்டு கடிதத்திலும் கையெழுத்தைப் பார்த்தேன். எனக்கு எழுத ஆரம்பித்த நாளிலிருந்து "ரேடியோ" என்றுதான் போடுவீர்கள். அப்பா வைத்த பட்டப்பெயர், அதில் உங்களுக்கு அத்தனை பெருமை. இப்போது ஏன் "உன் அண்ணன்"? எனக்கு வேறு அண்ணன்கள் இருக்கிறார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். உடனே எடுத்தார்கள். "அண்ணி?" என்றேன், பதில் இல்லை. உஸ் உஸ்ஸென்று காற்றுச் சத்தம். பிறகு டொக், டொக் என்று இரண்டு தட்டு, வைத்துவிட்டார்கள். பேசக்கூடாது என்று அப்பா உங்களைத் தண்டிக்கிறபோதெல்லாம் மேசையைத் தட்டித் தட்டியே என்னைச் சிரிக்க வைப்பீர்களே, அந்தத் தட்டு எனக்குத் தெரியாதா?

என்னிடம் எதை மறைக்கிறீர்கள்? பயமாக இருக்கிறது, அண்ணா. உடனே எழுதுங்கள்.

வாலு


ஏப்ரல் 30

வாலு,

எடுத்தது நான்தான். உன் அண்ணி கடைக்குப் போயிருந்தாள். திரையில் உன் பெயரைப் பார்த்ததும் கை தன்பாட்டுக்கு எடுத்துவிட்டது. "சொல்லு வாலு" என்பதற்கு வாயைத் திறந்தேன். மூச்சு வாய்க்கு வரவில்லை.

போன நவம்பரில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உள்ளே கட்டி. முழுவதும் எடுத்தாயிற்று, எதுவும் மிச்சமில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். அதனால் சுகம் என்று நான் எழுதியது அரைப் பொய்தான். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அது வழியாக மூச்சு விடுகிறேன். மேலே ஒரு மெல்லிய துணி கட்டிக்கொள்கிறேன், பார்க்க ஏதோ பெரிய மனிதர் மாதிரி இருக்கும்.

பேசவே முடியாது என்றில்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன். காற்றை விழுங்க வேண்டும், அது ஏப்பமாக வெளியே வரும்போது அதைப் பிடித்துச் சொல்லாக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் ஏப்பம் விட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பார். இப்போது அதைச் சொல்லிக் கொடுக்கிறவருக்கு வாரா வாரம் கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன். ஒரு விழுங்கலுக்கு மூன்று சொல் வருகிறது. மறுபடி விழுங்க வேண்டும், மறுபடி மூன்று சொல். குரல் கரகரவென்று, தகரத்தை இழுத்தது போல இருக்கும். மைதானத்தையே எழுப்பி நிறுத்தியவன் இப்படிப் பேசுவதை நீ கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். உன் காதிலாவது பழைய குரல் இருக்கட்டும் என்று ஆசை. உன் அண்ணியைத் திட்டாதே. குளியல் கதை என் யோசனை.

படத்தை அறிவிப்பாளரை வைத்து முடி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்


மே 22

அண்ணா,

இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தால்தான். முதல் வாரம் முழுக்க அழுதேன். இரண்டாம் வாரம் உங்களை அடிப்பதற்குப் பயணச்சீட்டு வாங்கப் போனேன், உங்கள் மாப்பிள்ளை தடுத்துவிட்டார். "அடிக்கிறதுக்கு இல்ல, கட்டிப் பிடிக்கிறதுக்குப் போவோம், படம் முடியட்டும்" என்றார். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும், அதை என்னிடமிருந்து பறித்துவிட்டீர்கள். அதற்கு மன்னிப்பு கிடையாது. சரி, இப்போது சொல்வதைக் கேளுங்கள்.

வேலையிலிருந்து வந்ததும் மைக்ரோஸ்கோப்பில்தான் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். பாசிக் கொடியின் வேரில் ஒருவர் இருக்கிறார், வோர்ட்டிசெல்லா என்று பெயர். கோயில் மணியைத் தலைகீழாகப் பிடித்து, மெல்லிய காம்பில் நிறுத்தி வைத்த மாதிரி இருப்பார். மற்றவர்கள் எல்லாரும் கேமராவைக் கண்டதும் ஓடிவிடுவார்கள். இவர் காலை ஊன்றி நிற்பார். மெதுவாக நீளுவார், வாயைத் திறந்து கொஞ்சம் தின்பார், சட்டென்று பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டுவிடுவார். மறுபடி நீளுவார், கொஞ்சம் தின்பார், மறுபடி சுருளுவார். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நீங்கள் பேசுகிறதாக எழுதியதும் இவர் தின்கிறதும் ஒன்று.

எல்லாரும் படத்துக்குக் குரலைப் பொருத்துவார்கள். நான் குரலுக்குப் படத்தைப் பொருத்தப் போகிறேன். நீங்கள் சொல்கிற இடத்தில் மணி நீளும். விழுங்குகிற இடத்தில் சுருளும். படம் முழுக்க இவர் ஒருவர்தான். சக்கரத் தலைக்காரி கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

இருக்கிற குரலை அனுப்புங்கள். எனக்கு அது போதும்.

அண்ணிக்கு என் அன்பு, கொஞ்சம் கோபமும்.

வாலு


ஜூன் 3

அன்பு வாலுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தை உன் அண்ணி வாங்கிப் படித்துவிட்டு, "பேசுங்க, இல்லன்னா நான் போய் மைக்கப் பிடிச்சிருவேன்" என்று மிரட்டினாள். அவள் பாடினாலே பால் திரிந்துவிடும், அதனால் நானே பேசிவிட்டேன்.

எழுதி அனுப்பிய பத்துப் பக்கமும் இந்தக் குரலுக்கு ஆகாது. ஆட்டத்தை வெளியில் நின்று சொல்ல மூச்சு வேண்டும். அதனால் மணியையே பேச வைத்துவிட்டேன். "நான்" என்று ஆரம்பித்தால் சொல் குறைகிறது.

பதிவை அண்ணியின் போனிலிருந்து அனுப்புகிறேன். கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துக்கொள்.

உன் அண்ணன்


ஜூன் 8

அண்ணா,

சுகமெல்லாம் அடுத்த கடிதத்தில். விழுங்கல்களை எங்கே ஒளித்து வைத்தீர்கள்? சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடுகிறது. வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள், அதுவும் நேர்த்தியாக! வர்ணனையாளர் கர்வம் குரல்வளையோடு போகவில்லை போலிருக்கிறது. என் மணி எங்கே சுருளும் இப்போது? மூச்சு விட இடமில்லாமல் வேரிலேயே விறைத்து நிற்கிறார்.

காற்றை விழுங்குகிற சத்தம், தடுமாறுகிற இடம், நின்று யோசிக்கிற இடம், எல்லாம் வேண்டும். ஒன்றையும் வெட்டக்கூடாது.

குரலைக் கேட்டு என்ன ஆனேன் என்று கேட்கிறீர்களா? உங்கள் மாப்பிள்ளை போனை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைக்க வேண்டியிருந்தது. "நான் ஒரு மணி" என்ற முதல் வரியிலேயே நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. தகரமோ தங்கமோ, நிறுத்துகிற விதம் உங்களுடையது.

வாலு


ஜூன் 15

வாலு,

வெட்டாதது. ஒரே மூச்சில் எடுத்தேன் என்று சொல்ல முடியாது, அது இப்போது நடக்காத காரியம். ஒரே இருப்பில் எடுத்தேன்.

பிள்ளைகள் பயந்தால் உடனே நிறுத்திவிடச் சொல். அது ஒன்றுதான் வேண்டுகோள்.

அண்ணன்


ஜூன் 30

என் அன்பு அண்ணாவுக்கு,

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நடுவில் எழுந்து குளிக்கப் போய்விடாதீர்கள்.

கூடம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் தரையிலும் உட்கார்ந்தார்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் இயக்குநர் அம்மா காதில் ஹெட்போனை மாட்டி உங்கள் பதிவைக் கொஞ்சம் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். "பதிவு கெட்டுப்போயிருக்கேம்மா, அறிவிப்பாளர் தயாரா நிக்கிறார்" என்றார். "கெடலைங்க, எங்க அண்ணன் குரலே அதுதான். ஓட விடுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், விளக்கை அணைக்கச் சொன்னார்.

கருப்புத் திரை. நடுவில் என் மணி, சுவர் உயரத்துக்கு, பளபளவென்று. கோட் பட்டன் செய்த வேலை! மெல்ல நீண்டார். உங்கள் குரல் வந்தது. "நான் ஒரு மணி." நீங்கள் விழுங்கினீர்கள், அவர் சுருண்டார். மறுபடி நீண்டார். "எனக்கு ஒரே கால்." சுருண்டார். "பயந்தா சுருண்டுக்குவேன்." சுருண்டார். இந்த முறை நீங்கள் நின்று யோசித்த இடம். மணி சுருண்டபடியே இருந்தார். பிள்ளைகள் பயந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை பேரும் வாயைத் திறந்தபடி முன்னால் சாய்ந்திருக்கிறார்கள். மணி மெல்ல மெல்ல நீண்டார். "ஆனா திரும்பவும் நீளுவேன்."

முன்வரிசையில் ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்று கத்தினாள்: "அம்மா! மணியே பேசுது!"

அண்ணா, கூடமே கைதட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை நீங்கள் விழுங்கும்போதும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து விழுங்கினார்கள். தோளைக் குறுக்கிச் சுருண்டார்கள், உங்கள் குரலோடு நிமிர்ந்தார்கள். கடைசியில் யாரும் எழுந்து போகவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிக் காலால் தரையைத் தட்டினார்கள். இரண்டாவது தடவை நான் திரையைப் பார்க்கவில்லை, அவர்களையே பார்த்தேன். அறிவிப்பாளர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான் வாசிச்சிருந்தா பாவம்மா" என்றார். வெளியே வரிசையில் பிள்ளைகள் காற்றை விழுங்கி ஏப்பம் விட்டு மூன்று மூன்று சொல்லாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். அம்மாக்கள் முதுகில் ஒன்று வைக்கிறார்கள். நம் அம்மாவை நினைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக நின்றேன்.

சக்கரத் தலைக்காரிக்கும், கண்ணாடி வயிற்றுக்காரனுக்கும், மற்ற எல்லாருக்கும் நீங்கள்தான் பேச வேண்டும் என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். அந்தக் குட்டிப் பெண்ணுக்கு மட்டும் இன்னும் சந்தேகம். மணிக்குப் போன் போட்டால் எடுக்குமா என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்?

உங்கள்
வாலு


ஜூலை 7

அன்பு வாலுக்கு,

சுகம். இந்த முறை முழுவதும் நிஜம்.

உன் கடிதத்தை உன் அண்ணி உரக்கப் படித்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "மணியே பேசுது" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அவளாலும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே சுருண்டு கிடந்தோம். பிறகு நான் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்து, தெருவில் போன பால்காரருக்கு உரக்க வணக்கம் சொன்னேன். திடுக்கிட்டுப் பார்த்தார். இன்னொரு முறை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னேன். அவரும் சொன்னார்.

சக்கரத் தலைக்காரிக்கு வசனம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வாயாடியாக இருக்க வேண்டும், அதற்கு நிறைய விழுங்க வேண்டும், பரவாயில்லை. மாப்பிள்ளையின் கோட்டை என் செலவில் தைக்கக் கொடு.

அந்தக் குட்டிப் பெண்ணிடம் எடுக்கும் என்று சொல். நீயும் ஞாயிற்றுக்கிழமை போன் செய். நானே எடுக்கிறேன்.

குளித்து முடித்துவிட்டேன்.

ரேடியோ